ஊசி எவர் சொத்து?

தொடக்கப் பள்ளியிலே பயிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், எந்தச் சாதியில் பிறந்ததாயினும், ஊசியில் நூல் கோக்கவும், கிழிசலைத் தைக்கவும், பொத்தான் வைக்கவும் கற்றுத்தர வேண்டும் என்று கூறுகிறோம். வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். அதற்கு மேல் நாம் கேட்கவில்லை.

கூறியவுடன் எழக்கூடிய கேள்வியையும் நாம் அறிவோம். "குலக்கல்வியைக் குழிதோண்டிப் புதைத்தவர்களா இப்படிப் பேசுவது? பிள்ளைகளிடமிருந்து புத்தகத்தைப் பறித்துத் தொழிற்கருவியைத் திணிக்கிறார்கள் என்று அன்று வீதிக்கு வந்தவர்கள், இன்று தாங்களே ஊசியை நீட்டலாமா?" என்று தோழர்கள் கேட்பர். கேட்கட்டும். கேட்க வேண்டிய கேள்விதான் அது. கேள்விக்கு அஞ்சுவது வைதீகம். விடை கூறுவது பகுத்தறிவு. விடை கூறுகிறோம்.

1953-ல் நடந்தது என்ன? சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ஆச்சாரியார், கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் படிக்கும் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகச் சுருக்கினார். மீதிப் பொழுதில் பெற்றோர் செய்யும் தொழிலைப் பிள்ளைகள் பழகட்டும் என்றார். குயவர் மகன் சக்கரத்தருகே, சலவைத் தொழிலாளியின் மகன் வெள்ளாவியருகே, செருப்புத் தைப்பவர் மகன் தோலருகே, பெண் குழந்தையோ அடுப்பருகே! அரசு அத்திட்டத்துக்கு வைத்த பெயர் வேறு. நாடு வைத்த பெயர் 'குலக்கல்வி'. அவ்வாண்டு சூலைத் திங்களில் நடந்த மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை அத்திட்டத்தை எதிர்த்தே அமைந்தது. 1954 ஏப்ரலில் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் வந்தார். மே மாதத்தில் அத்திட்டம் மாண்டது.

அன்று நாடு எதிர்த்தது மண்ணையா, சக்கரத்தையா, ஊசியையா? இல்லை. இன்னாருக்கு இன்ன தொழில் என்று பிறப்பு முடிவு செய்ததை எதிர்த்தது. படிப்பதற்கான நேரத்தைத் திருடியதை எதிர்த்தது. ஒரு திறன் ஒரு கூட்டத்தின் பிள்ளைக்கு மட்டும் விதிக்கப்படுமானால் அதற்குப் பெயர் குலம். அதே திறன் ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகுமானால் அதற்குப் பெயர் கல்வி. எழுத்தும் ஒரு காலத்தில் சிலருடைய சொத்தாகத்தானே இருந்தது? எழுத்து ஒரு சாதிக்கு உரியதாக இருந்தது என்பதற்காக நாம் எழுத்தை வெறுத்தோமா? பிடுங்கிப் பொதுவாக்கினோம். ஊசியையும் பொதுவாக்குவோம் என்பதே நமது வாதம்.

இன்னொன்றையும் இப்போதே தெளிவாக்கிவிடுகிறோம். 1937-ல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வியை நாம் மீண்டும் அழைத்துவரவில்லை. பிள்ளைகள் நூற்பதையும் நெய்வதையும் விற்று, அந்தக் காசில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று காந்தியார் நம்பினார். பள்ளியைத் தொழிற்கூடமாக்கிப் பிள்ளையைக் கூலியாக்கும் ஏற்பாடு நமக்கு வேண்டாம். நாம் கேட்கும் வகுப்பில் பிள்ளை தைத்த துணி விற்பனைக்குப் போகாது. பிள்ளையோடு வீட்டுக்குப் போகும்.

இனி, நம் கண்முன் உள்ள கடலூர் மாவட்டத்தைப் பார்ப்போம். துணிக்குப் புதிய ஊரா இது? இக்கடற்கரைத் துணியை வாங்கிக் கப்பலேற்றத்தான் வெள்ளையர் இங்கு வந்தனர். 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு விழுந்த தொலைவுவரை உள்ள ஊர்களெல்லாம் தனக்கே என்று எடுத்துக்கொண்டது. குண்டு போனது, கோட்டை இடிந்தது, கம்பெனி அழிந்தது. தறி மட்டும் நின்றது. குறிஞ்சிப்பாடியின் கைலியை அறியாதார் யார்? புவனகிரியின் பட்டை அறியாதார் யார்?

குறிஞ்சிப்பாடி நெசவாளி, ஆயிரக்கணக்கான இழைகளைக் கணக்குத் தவறாமல் கோத்துக் கட்டம் போட்டுக் கைலி நெய்கிறார். அதை உடுத்த வேண்டுமானால் இரண்டு முனைகளையும் சேர்த்து மூட்ட வேண்டும். ஒரே ஒரு தையல்! நேர்கோட்டில் போகும் ஒற்றைத் தையல்! அந்த ஒரு தையலுக்காகப் பட்டம் பெற்ற இளைஞன் கைலியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, திருப்பாப்புலியூர்க் கடைத்தெருவிலும் சிதம்பரத்துத் தேர் வீதிகளிலும் தையற்கடையைத் தேடுகிறான். தையற்காரருக்குக் காசு கிடைப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால், பதினைந்து ஆண்டு படித்த கைக்கு ஒரு நேர்கோட்டைத் தைக்கத் தெரியவில்லை என்றால், அந்தப் படிப்பு கையை எங்கே விட்டுவிட்டு வந்தது என்று கேட்க வேண்டாமா?

பள்ளிக்கூட வாயிலுக்கு வாருங்கள். சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடையை அரசு தரும் ஏற்பாடு 2012-ஆம் கல்வியாண்டு முதல் வந்தது. மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களில் ஏழைப் பெண்கள் அவற்றைத் தைக்கின்றனர். நல்ல திட்டம், பாராட்டுகிறோம். ஆனால் சட்டை வந்த சில நாளில் பொத்தான் விழுகிறது. விழுந்த இடத்தில் ஊக்கு ஏறுகிறது. ஊக்கும் போனால் சட்டை திறந்து கிடக்கிறது. "நாளை அம்மாவிடம் சொல்லித் தைத்துக்கொண்டு வா" என்கிறார் ஆசிரியர். அம்மா விடியுமுன் முந்திரித் தோப்புக்கோ, மீன் வாடிக்கோ, கட்டட வேலைக்கோ போய்விட்டாள். மாலையில் திரும்பி அடுப்பை மூட்டுவாளா, பொத்தானைத் தைப்பாளா? எட்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிட வேலை அது. அதைக் கற்றுத்தர நமக்கு மனமில்லை. ஏன்?

ஏனென்றால் ஊசிக்குச் சாதி இருக்கிறது. ஊசிக்குப் பாலும் இருக்கிறது!

புறநானூற்றிலே 82-ஆம் பாடலைப் படித்த தோழர்கள் அறிவர். ஊரில் விழா; வீட்டில் மனைவிக்குப் பேற்றுநோவு; வெளியே மழை; பொழுதோ சாய்கிறது. அந்நிலையில் கட்டில் பின்னும் தொழிலாளி ஒருவனின் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைந்து ஓடுமோ, அவ்வளவு விரைந்து நடந்தது சோழன் போர்வை கோப்பெருநற்கிள்ளி செய்த போர் என்கிறார் சாத்தந்தையார். அரசனின் வீரத்தை அளக்க ஊசியின் வேகம் வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஊசியைப் பிடித்தவனைக் குறிக்கப் புலவர் ஆண்ட சொல்லுக்கோ இழிந்தவன் என்று பொருள் கூறுகின்றனர்! வேலையைப் போற்று, வேலை செய்பவனைத் தள்ளு. இந்த வழக்கின் வயது அவ்வளவு.

சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்திலே துணி தைக்கும் துன்னகாரருக்கும் தோல் தைப்பவருக்கும் வீதியில் இடமிருந்தது. பின்னாளில் வந்த வருணாசிரமம், உழைத்துத் தைப்பவனைக் கீழே வைத்தது. உட்கார்ந்து உடுப்பவனை மேலே வைத்தது. தைத்த துணியே மடிக்கு ஆகாது என்றது. இன்றும் சிதம்பரத்திலே சிற்றம்பல மேடையில் ஏற வேண்டுமானால் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பது வழக்கம். தறியில் பிறந்த துணி தூய்மையாம். ஊசி பட்ட துணி தீட்டாம்! இரண்டும் உழைப்பாளியின் கைபட்டவைதாமே? எந்த அறிவியல் கண்ட உண்மை இது?

தைத்த ஆடைக்கு இந்நாட்டில் எவ்வளவு விலை கொடுக்கப்பட்டது என்பதைத் தெற்கே போய்ப் பாருங்கள். திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்று மேற்சாதியினர் தடுத்தனர். பாதிரிமாரின் மனைவியர் நடத்திய பள்ளிகளில் சிறுமியர் தையல் கற்றனர். குப்பாயம் என்னும் சட்டையைத் தைத்து உடுத்தினர். அதற்காகத் தெருவிலே பெண்களின் உடை கிழிக்கப்பட்டது, பள்ளிகள் கொளுத்தப்பட்டன. 1822 முதல் 1859 வரை விட்டுவிட்டு எழுந்தது அந்தத் தோள்சீலைப் போராட்டம். 1859 சூலை 26-ல்தான் மேலாடை அணியலாம் என்று அரசாணை பிறந்தது. அப்போதும், உயர்சாதிப் பெண்டிரைப்போல உடுத்தக் கூடாது என்று வால் ஒன்றும் சேர்த்தே பிறந்தது!

அதே நாகர்கோவிலிலே 1820-களில் மார்த்தா மால்ட் என்னும் அம்மையார் சிறுமியருக்கு நூலால் லேஸ் பின்னும் வேலையைக் கற்பித்தார். அச்சிறுமியரில் அடிமைகளும் இருந்தனர். அவர்களுள் சிலர் பின்னல் வேலையில் ஈட்டிய காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினர். அம்மையார் வந்தது மதம் பரப்ப. அவர் மதத்தைப் பற்றி நமக்குக் கவலையில்லை. நூல் பிடித்த சின்னஞ்சிறு விரல்கள் என்ன செய்தன என்பதைக் கூறுகிறோம். கையில் கலை இருந்தது. கழுத்திலிருந்த அடிமைத்தளை அறுந்தது.

சாதியின் கதை இது. இனிப் பாலின் கதையைக் கேளுங்கள். தமிழிலே 'தையல்' என்றால் பெண் என்றும் பொருள் உண்டு. அகராதியைக் காட்டி, "பார்த்தீர்களா, தையல் பெண்ணுக்கே உரியது" என்பார் பழமைவாதி. அப்படியானால் கடைத்தெருவில் இயந்திரத்தை மிதிக்கும் ஆடவர்கள் யார்? வீட்டுக்குள்ளே கூலியில்லாத ஊசி பெண்ணிடம். வீதியிலே கூலியுள்ள ஊசி பெரும்பாலும் ஆணிடம். இதுதானே நடைமுறை? தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில் மீனவர்கள் அமர்ந்து, வலை ஊசியில் நூல் சுற்றி, அறுந்த கண்களைக் கட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அலையோடு மோதும் அந்த வலிய தோள்களைப் பார்த்து, "பெண் வேலை செய்கிறாயே" என்று கேட்க எவனுக்கேனும் துணிவுண்டா? வலையைத் தைத்தால் வீரம். தன் சட்டையைத் தைத்தால் வெட்கமா?

இந்தப் பிரிவினை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று பாருங்கள். தமிழக அரசின் சமூகநலத் துறையில், சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. கணவனை இழந்தவர், கணவனால் கைவிடப்பட்டவர், ஏழ்மையில் வாடுபவர் பெறலாம். எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறிட்டிருக்கிறது. ஆனால் இயந்திரம் பெறத் தையல் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் கற்பிக்கவில்லை, வாழ்வு சரிந்த பின்னர், "உனக்குத் தைக்கத் தெரியுமா?" என்று கேட்கிறோம். தாலி அறுந்த பிறகு நினைவுக்கு வரும் ஊசி, அவள் பலகையும் பலப்பமும் பிடித்த நாளில் ஏன் நினைவுக்கு வரவில்லை?

ஆசிரியர்களின் கதையோ இன்னும் இரங்கத்தக்கது. 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். உடற்கல்வி, ஓவியம், இசை, கணினி, தோட்டக்கலை ஆகியவற்றோடு தையலும் அவர்கள் கற்பிக்கும் பாடங்களில் ஒன்று. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. தொடக்கத்தில் மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பணி நிலைப்புக் கேட்டு ஆண்டுக்கணக்காக வீதியில் நின்றனர். கணக்கு ஆசிரியருக்கு ஒரு மதிப்பு, கைத்திறன் ஆசிரியருக்கு ஒரு மதிப்பு என்று வைத்தது எது? மூளை மேல், கை கீழ் என்ற அதே பழைய நால்வருண ஏணிதான்! கோட்டு உடுத்தி வந்தாலும் குணம் மாறவில்லை.

தொழில் கற்பிக்கிறோம் என்று தில்லியிலிருந்தும் ஒரு குரல் வந்தது. 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கப்பட்ட விசுவகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டது. தையலும் அவற்றில் ஒன்று. குருவிடமிருந்து சீடனுக்கு, குடும்பத்திலிருந்து குடும்பத்துக்கு என்று பரம்பரையின் பெருமை பாடிக்கொண்டே வந்தது அத்திட்டம். 18 வயது நிரம்பினால் சேரலாம் என்றது. கல்லூரி வாயிலில் நிற்கும் வயதில், 'அப்பன் தொழிலுக்கு வா' என்ற அழைப்பு! 2024-ல் தமிழக அரசு அதனை ஏற்க மறுத்தது. குலம் கேளாத கைவினைத் திட்டம் ஒன்றை 2025-ல் தொடங்கியது. மறுத்தது சரியே. ஆனால் மறுப்பதோடு நம் வேலை முடிந்துவிடுமா? பரம்பரைத் தொழில் என்னும் வேரை அறுக்க வழி, தொழிலையே பிள்ளைகளின் கண்ணிலிருந்து மறைப்பதன்று. எல்லாப் பிள்ளைகளின் கையிலும் வைப்பது. தையற்காரர் மகன் மட்டும் ஊசி பிடிக்கும்வரை அது குலத்தொழில். தாசில்தார் மகனும் ஊசி பிடித்த அன்று அது வெறும் ஊசி!

இங்கே ஒரு நியாயமான அச்சம் உண்டு. அதை மதிக்கிறோம். சிதம்பரத்திலே நந்தனுக்குத் தீ மட்டுமே வாயிலாக இருந்தது என்று கதை சொன்னார்கள். அந்த ஊரிலே, 1916-ல், சுவாமி சகசானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளியை வாயிலாக்கினார். வயலிலிருந்தும் தோலிலிருந்தும் தப்பிப் புத்தகத்தை நாடி வந்த பரம்பரை அது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் மீண்டும் கருவியை நீட்டினால் ஐயம் பிறக்காதா? பிறக்கும். ஆகவேதான் கூறுகிறோம்: ஏழைப் பள்ளியிலிருந்து தொடங்காதீர்கள். கட்டணம் கொள்ளையாக வாங்கும் ஆங்கிலப் பள்ளியிலிருந்து தொடங்குங்கள். மாடவீதிப் பிள்ளை முதலில் நூல் கோக்கட்டும். அதே நாளில், அதே பாடத்தில், சேரிப் பிள்ளையும் கோக்கட்டும். ஒருவரும் விலகக் கூடாது என்பதே இப்பாடத்தின் உயிர்.

"சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் ஊசியா? குத்திக்கொள்ளுமே!" என்பர். முறை தெரியாமல் கொடுத்தால் குத்தும். முறை உண்டு. ஐந்து வயதில் ஊசியே வேண்டாம். தடித்த அட்டையில் வரிசையாகத் துளையிட்டுக் காலணி நாடாவை மேலும் கீழுமாகக் கோக்கச் செய்யலாம். 1837-ல் செருமனியில் குழந்தைப் பள்ளியைத் தொடங்கிய பிரோபெல், துளையிட்ட அட்டையில் நூல் கோப்பதைக் குழந்தைகளின் வேலைகளில் ஒன்றாக வைத்தார். 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றிய மாண்டிசோரி அம்மையாரின் முறையிலே, பொத்தான் மாட்டவும் நாடா கட்டவும் பழகுவதற்கென்றே மரச்சட்டங்கள் உண்டு.

ஏழு வயதில், முனை மழுங்கிக் காது அகன்ற ஊசி, கம்பளி நூல், கோணித் துணி. கோணியின் இழைகள் அகன்றிருப்பதால் பிள்ளை எண்ணி எண்ணித் தைக்கலாம். கணக்கும் கூடவே வரும். எட்டு வயதில் கூரான ஊசி, பருத்தித் துணி. நூல் பிள்ளையின் முழத்துக்கு மேல் வேண்டாம், நீண்டால் சிக்கும். முதலில் ஓட்டுத் தையல், பிறகு பின்தையல், பிறகு ஓரம் மடித்துத் தைத்தல், முடிவில் பொத்தான். ஊசியை முகத்துக்கு எதிர்ப்புறமாக இழுக்க வேண்டும். வகுப்பு தொடங்கும்போது எண்ணிக் கொடுத்த ஊசிகள், முடியும்போது எண்ணித் திரும்ப வேண்டும். இவ்வளவே பாதுகாப்பு.

இதிலே அறிவு எங்கே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறோம். ஓட்டுத் தையலைவிடப் பின்தையல் ஏன் உறுதி? ஒவ்வொரு தையலும் பின்வாங்கி முந்தியதைத் தொட்டு முன்னேறுவதால், ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்கின்றன. பொத்தானை ஏன் துணியோடு ஒட்டித் தைக்கக் கூடாது? மாட்டும்போது மேல்துணிக்கு இடம் வேண்டும். ஆகவே பொத்தானின் மேல் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, குச்சியை உருவி, கிடைத்த தளர்வில் நூலைச் சுற்றிக் கழுத்துக் கட்ட வேண்டும். காரணம் கேட்டு, காரணம் கண்டு, கையால் சோதிக்கும் பாடம் இது. கோணலாகப் போன தையலை எந்த மந்திரமும் நேராக்காது. பிரித்துத் தைத்தால் நேராகும். பகுத்தறிவுக்கு இதைவிட எளிய அரிச்சுவடி உண்டா?

"கடையில் ஆயத்த ஆடை கிடைக்கும் காலத்தில் தையல் எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. சப்பான் நாட்டில் ஆயத்த ஆடை கிடைக்காதா? அங்கே ஐந்தாம் ஆறாம் வகுப்புகளில் ஆணும் பெண்ணும் ஒன்றாக அமர்ந்து மனையியல் பயில்கின்றனர். கையால் தைக்கவும் பொத்தான் வைக்கவும் கற்கின்றனர். பின்லாந்து 1866-லேயே கைத்தொழிலைப் பள்ளிப் பாடமாக்கியது. தொடக்கத்தில் ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்தது. பிற்காலத்தில் பிரிவை நீக்கியது. வறுமையால் அல்ல, அறிவால் அவர்கள் ஊசி பிடிக்கின்றனர்.

"என் மகன் மருத்துவனாக வேண்டும், தையற்காரனாக அல்ல" என்பார் தந்தை. நல்லது. 2018-ல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் அறுவைக் கல்விப் பேராசிரியர் ராஜர் நீபோன் என்ன எச்சரித்தார் தெரியுமா? தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்று வரும் மாணவர்களுக்கு வெட்டவும் தைக்கவும் கை வளையவில்லை, சிறுவயதில் கைவேலை பழகாததே காரணம் என்றார். சிதம்பரத்திலே அண்ணாமலை நகரில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே பயில்வோர் புண்ணை மூடப் போடுவதற்கும் தமிழில் தையல் என்றே பெயர். சட்டைக்கும் தையல், சதைக்கும் தையல்! முதலாவதை இழிவென்று ஒதுக்கிய கை, இரண்டாவதில் தடுமாறுகிறது.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு முடிய, அரசுப் பள்ளியிலும் தனியார் பள்ளியிலும், வாரம் ஒரு வேளை கைத்தையல் வேண்டும். இருபாலரும் ஒரே வரிசையில் அமர வேண்டும். தேர்வு கூடாது; விற்பனை கூடாது; மொழி, கணக்கு, அறிவியல் நேரத்தில் ஒரு நிமிடமும் குறையக் கூடாது. கற்பிக்கும் ஆசிரியருக்கு மற்ற ஆசிரியருக்குரிய நிலைப்பும் மதிப்பும் வேண்டும்.

அரசு ஆணை வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. கடலூர் முதுநகரிலும், மஞ்சக்குப்பத்திலும், சிதம்பரத்திலும், குறிஞ்சிப்பாடியிலும் உள்ள இளைஞர்களே! உங்கள் படிப்பகங்களில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஊசியும் நூலும் கோணித் துணியும் வாங்க ஒரு தேநீர்ச் செலவு போதும். தெருவிலுள்ள தையற்காரரை ஆசிரியராக அழையுங்கள். ஐயா என்று வரவேற்று நாற்காலியில் அமர்த்துங்கள். பிள்ளைகளோடு நீங்களும் அமருங்கள். உங்கள் சட்டையில் ஊக்கு இருந்தால் அதைக் கழற்றிவிட்டு முதல் பொத்தானை நீங்களே தையுங்கள். தங்கையிடம் நீட்டாதீர்கள்.

அந்த வகுப்புக்கு எந்தப் பிள்ளை வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "நூல் கோத்துவிட்டாயா?" நீ யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்கு அங்கே வேலையில்லை.